தண்ணி மாதிரி

முதலில் குழாயின் வாயைச் சுடவேணும்.
ஸ்பிரிற்றில் நனைத்த பஞ்சு, ஒரு லைற்றர்.
நீலச் சுவாலை பித்தளையை நக்கிப் போனபிறகு
இரண்டு நிமிடம் திறந்து விடவேணும்.
"ஐயோ தங்கச்சி, தண்ணி வீணாப்போகுது"
என்று எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் சொல்வார்.
அவர்கள் மீற்றரைப் பார்ப்பார்கள்,
நான் மணிக்கூட்டை.

மாங்குளம் சந்தித் தேத்தண்ணிக் கடை, மாதிரி ஒன்று.
"உங்கட குளோரின் என்ர பிளேன்ரீயைக் கெடுக்குது"
நந்தசீலன் கேத்திலைத் திறந்து காட்டுகிறார்.
உள்ளே வெள்ளையாய், முட்டைக்கோது தடிப்பில்.
அது குளோரின் இல்லை அண்ணை, சுண்ணாம்பு,
கிணற்றுத் தண்ணி கொதித்த காலத்தது.
அவர் நம்பவில்லை.
அந்தக் காலத்துத் தேத்தண்ணி ருசியாம்.

பள்ளிக்கூடம், மாதிரி இரண்டு.
குழாயில் ஒரு வெள்ளைச் சொக்ஸ் கட்டியிருக்கிறது,
வடிக்கவாம்.
யாருடைய சொக்ஸ் என்று கேட்டேன்.
வரிசை முழுக்கச் சிரித்தது,
ஒருவனைத் தவிர.

நாலாவது வீட்டில் கிணறும் இருக்கிறது, மூடியபடி.
மீளக் குடியேறியபோது மூன்று தரம் இறைத்தார்களாம்.
என்ன வந்தது என்று அந்த மனிசன் சொல்வதில்லை.
ஒரு சைக்கிள் செயின் வந்தது, என்று மட்டும் சொல்வார்.
மூடியின்மேல் மிளகாய் காய்கிறது.

ஏழு, பைப் போகும் கடைசி வீடு.
குளிசை போட்டுக் குலுக்கினால்
ரோசா நிறம் வரவேணும்.
வரவில்லை. திரும்பவும் குலுக்கினேன்.
பச்சைத்தண்ணி பச்சைத்தண்ணியாகவே நின்றது.
"நிறம் வராட்டி நல்லமோ?" யோகராணி கேட்கிறா.
இல்லை அக்கா.
"தெளிவாக் கிடக்கே."

உள்ளே கட்டிலில் குலநாயகம்,
செவ்வாயும் வெள்ளியும் வவுனியாவுக்குப் போகிறவர்.
ஒருதரம் இரத்தம் கழுவ
மெஷினுக்கு நூற்றிருபது லீற்றர் வேணுமாம்.
இவருக்கு நாளைக்கு அரை லீற்றர்.
"என்ர கிட்னிக்கு இதிலை ஏதும் பாப்பீங்களோ?"

படிவத்தில் கலங்கல் இருக்கிறது, மணம் இருக்கிறது,
கோலிபோர்ம், மீதிக் குளோரின்.
இவர் கேட்பதற்குக் கட்டம் இல்லை.
குழாய் வந்தே மூன்று வருசம்,
அதுக்கு முன்னம் குடித்தது எது என்றேன்.
விரல் மடிக்கத் தொடங்கினார்:
வயற்கிணறு. அக்கராயனில் ஒண்டு. விசுவமடுவில் ரெண்டு.
இரணைப்பாலையில் ஆற்றையோ வளவு.
பிறகு
கடற்கரை மணலில் கையால் தோண்டின குழி,
அது கிணறெண்டு கணக்கெடுக்கலாமோ தெரியாது.

குறிப்பு என்ற இடம் ஒரு விரல் அகலம்.
மீதிக் குளோரின் பூச்சியம் என்று எழுத
நிரம்பிவிட்டது.

ஆறு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் சேரவேணும்.
பஸ்ஸில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்திருக்கிறேன்.
"இறாலோ?" கண்டக்டர் கேட்கிறார்.
தண்ணி.
"இஞ்சயிருந்து வவுனியாவுக்குத் தண்ணியோ!"
முன்சீற்வரைக்கும் சொல்லிச் சிரித்துவிட்டு
பெட்டிக்கும் டிக்கெற் கிழித்தார்.
ஓமந்தையில் முன்பென்றால் இறக்கி,
திறந்து, ஒவ்வொரு போத்தலையும்
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருப்பார்கள்.
இப்போது பஸ் நிற்பதில்லை.
ஐஸ் கரைந்து சீலையில் கசிகிறது,
எந்தக் கட்டத்திலும் சேராத தண்ணி.

இரவு ஒன்பதுக்கு யோகராணியின் அழைப்பு.
"என்ன மாதிரி, தங்கச்சி?"
ஏழாம் மாதிரி, என்று வாய்வரை வந்தது.
முடிவு வர ரெண்டு நாள் செல்லும் அக்கா,
அதுவரைக்கும் கொதிக்க வைச்சுக் குடியுங்கோ.

கொஞ்சநேரம் சத்தம் இல்லை.
பிறகு, கணக்குக் கேட்பவள்போல,
"அரை லீற்றரைக் கொதிக்க வைச்சால்
அவருக்கு எவ்வளவு மிஞ்சும்?"